ஞாயிறன்று மேலே வந்த கருவி

கோடி ஆண்டுகளைச் சர்வசாதாரணமாகப் புழங்கிய உவைசெலே, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையிடம் மாட்டிக்கொண்டார்.

டோங்காவில் பிறந்த நிலவியலாளர்களை ஒரே படகில் ஏற்றிவிடலாம்; அவர்களில் மூத்தவர் அவர். பசிபிக்கின் அடித்தரை, ஆண்டுக்கு ஒரு சாண் கணக்கில் தம் தீவுகளுக்கு அடியில் சரிந்துகொண்டிருக்கிறது என்பதை வைத்தே முப்பது வருஷம் பிழைத்தார். சரியும் தரை ஆழத்தில் ஓரிடத்தில் கிழிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. வெளிநாட்டு மேதைகள் மரியாதையாகச் சிரித்தார்கள். ஞாயிறுகளில் அவர் கறுப்புக் கோட்டும், டோங்கா வழக்கப்படி இடுப்பில் சுற்றிய பாயுமாகத் தேவாலயத்தில் நின்று, ஆறு நாளில் உலகம் உண்டான கதையைக் கணீரென்று வாசிப்பார். இரண்டுக்கும் சண்டை வந்து யாரும் பார்த்ததில்லை.

ஓய்வு பெறுமுன் அந்தக் கிழிசலை நிரூபித்துவிட, நில அதிர்வைப் பதியும் கருவி ஒன்றைக் கடலடியில் ஓராண்டு கிடக்கவிட்டார். குறித்த நேரத்தில் அதுவே எடையைக் கழற்றிவிட்டு, ஆரஞ்சு உருண்டையாக மேலே வந்து, வானொலியில் 'பீப், பீப்' என்று கூப்பிடும். இன்னொரு கருவிக்கு வழியில்லை. ஞாயிறன்று வேலை கூடாதே என்று நேரத்தைச் சனி மாலைக்கு வைத்தார். ஆனால் இந்தக் கருவிகள் லண்டன் நேரம் பார்ப்பவை. அங்கே சனி மாலை என்றால் டோங்காவில் ஞாயிறு விடிந்திருக்கும். உலகத்திலேயே முதலில் பொழுது விடியும் நாடு எங்களுடையது என்று மாநாட்டுக்கு மாநாடு பீற்றிக்கொண்டவருக்கு, அன்று அது மறந்துபோயிற்று.

சனி முழுக்கக் கடலைப் பார்த்து ஏமாந்து, படகை ஒரு குட்டித் தீவின் மறைவில் நிறுத்தினார்கள். காலையில் மாலுமிகள் மேல்தளத்தில் ஞாயிறு ஆராதனைப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கையில் 'பீப்' கேட்டது.

"சமிசோனி! வந்துடுச்சுடா! எஞ்சினைப் போடு!"

படகுத் தலைவன் சமிசோனி அவருடைய அக்கா மகன். டோங்காவில் மருமகனுக்கு மாமன்மேல் எல்லா உரிமையும் உண்டு. மருமகனை ஏவும் உரிமை மாமனுக்குக் கிடையாது.

"இன்னிக்கு என்ன கிழமை, மாமா?"

"காத்து அடிக்குதுடா. அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"போன வருஷம் ஞாயித்துக்கிழமை வலை போட்டேன்னு சபையில எந்திரிச்சு நின்னு என் மானத்தை வாங்கினது யாரு?"

"அது மீனு."

"மீனைத் தின்னவாவது முடியும்."

"குழியில விழுந்த மாட்டை ஓய்வுநாள்ல தூக்கலாம்னு வேதத்துலயே இருக்கு."

"அது விழுந்த மாடு. உங்க மாடு தானா மேல வந்துல்ல நிக்குது?"

மாலுமிகள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சமிசோனி சிரிக்கவில்லை. "ராத்திரி பன்னெண்டு தாண்டினதும் கிளம்பிடலாம். சத்தியமா."

உவைசெலே படகின் பின்புறம் போய், துடுப்புத் தோணி கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தார். தடுக்க யாரும் வரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. முடிச்சு அவிழ்ப்பது வேலையா, இல்லையா என்று யோசித்தார். இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு வினாடியில் பதில் சொல்லியிருப்பார். கையை எடுத்துக்கொண்டார்.

மூத்தவர் என்பதால் முடிவு ஜெபம் அவர் தலையில் விழுந்தது. அரசருக்காக, நோயாளிகளுக்காக, கடலில் இருப்பவர்களுக்காக வேண்டினார். கடைசியாகக் காற்று அடங்க வேண்டும் என்றார். 'ஆமென்' சொல்லும்போதே காற்று பலத்தது.

மதியம் சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலமும் வந்தன. அவர் மடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒவ்வொரு பீப்பும் முந்தையதைவிட மெலிந்தது. எல்லோரும் படுத்தார்கள். ஓராண்டின் அதிர்வுகள் வடமேற்கே போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு வேகம், எந்தத் திசை, எல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

வெயில் சாயும்போது ரேடியோவில் வெறும் இரைச்சல்தான். தூங்கி எழுந்த சமிசோனி அருகில் வந்து உட்கார்ந்தான். 

"அணைச்சிடவா, மாமா?"

"இருக்கட்டும்டா," என்றார் உவைசெலே. "இன்னிக்கு அணைக்கிறதும் வேலைதான்."