பழகின உடம்புக்கு ஒன்றும் ஆகாது

என் வீட்டுக்காரரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் அபின் தின்பவர்கள். யுத்தம் நடந்த காலம். கப்பல்கள் தூத்துக்குடிக் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இவர்கள் தோணியில் போய்ச் சரக்கு இறக்கி வருவார்கள். மூட்டை சுமக்கிற இடுப்புக்கு அது இல்லாமல் முடியாது என்பது அவர்கள் கட்சி. லைசென்ஸ் கடையில் கிடைப்பது போதாமல், தோணிகளில் ஒளித்து வருவதையும் வாங்குவார்கள்.

அவர்களுக்குச் சாவுபயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மாமியார் கூட அவ்வளவு ஆசாரம் பார்த்ததில்லை. வெறும் வயிற்றில் தொடமாட்டார்கள். கள் குடித்த நாளில் தொடமாட்டார்கள். முன்பின் தெரியாதவன் கையால் வாங்கமாட்டார்கள். தின்றதும் பால் குடித்தாக வேண்டும்.

"செத்தவன் எல்லாம் பழகாதவந்தான், ஏளா. பழகின ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாது" என்பார் இவர், ஏதோ பரீட்சையில் தேறியவர் மாதிரி. எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு வருஷம் இவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் என் அம்மா வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினேன். அங்கே அபினுக்கு வழியில்லை. வியர்த்து, நடுங்கி, என்னை வாய்க்கு வந்தபடி ஏசி, ஒருவழியாக அந்தத் தவிப்பு அடங்கியது. காய்ச்சலும் விட்டது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு குழைந்த சோறு என்று ஊட்டி எழுப்பினேன். சனியன் தொலைந்தது என்ற சந்தோஷத்தோடு இவரை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

நோயிலோ வெளியூரிலோ கிடந்து திரும்புகிறவனுக்குக் கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து கிள்ளி, அவனுடைய பழைய அளவுக்கே உருட்டிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். குறைத்துக் கொடுத்தால் அவனை மட்டம் தட்டியதாகிவிடும். மறுநாள் காலையிலேயே இருவரும் வந்தார்கள். பசும்பால் கூட வாங்கி வந்திருந்தார்கள். இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, நான் அடுப்படிக்குப் போன சமயம் கொடுத்துவிட்டார்கள். அத்தனை பிரியம்.

மத்தியானத்துக்குள் இவர் தலை தொங்கிப்போனது. கூப்பிட்டால் முனகல்தான். உதடு நீலம் பாரித்தது. ஒரு மூச்சு போனால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

"நம்ம சரக்குதான் மைனி. பாலும் குடிச்சானே" என்று கூட்டாளிகளில் மூத்தவர் அழ ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "காய்ச்சல்ல கெடந்த வயித்துக்குச் சோத்தையே கஞ்சியாக் கரைச்சுல்லா குடுத்தேன். இந்த எழவ மட்டும் பழைய அளவுக்குக் குடுப்பீயளோ?"

பழகின உடம்புக்குப் பழக்கம் விட்டும் போகும் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆஸ்பத்திரி என்றதும் இளையவர் தயங்கினார். "சரக்கு எங்கன வாங்குனதுன்னு போலீஸ் கேக்குமே, மைனி."

"கேட்டா ஜெயிலுக்குப் போங்க. மொதல்ல இவுகளத் தூக்குங்க."

தூக்கினார்கள். வண்டியில் மூத்தவர் இவரை மடியில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தில் தட்டித் தட்டி, "மூச்ச விடுலே, ஏலே, மூச்ச விடுலே" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்மேல் இருந்த கோபம் பாதி வழியிலேயே எனக்குப் போய்விட்டது.

டாக்டர் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். பொழுது சாயும் நேரத்தில் இவர் கண் திறந்தார். முதலில் கேட்டது, "நான் பால் குடிக்கலையோ?"

இதோடு விட்டுவிடுவார் என்று நம்பினேன். விடவில்லை. தோணிக்குத் திரும்பியதும் இடுப்புவலி வந்தது, பின்னாலேயே அதுவும் வந்தது. அழுதும் பார்த்தேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன். கடைசியில் பொட்டலத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கடுகளவு கிள்ளி என் கையாலேயே கொடுப்பேன். கொடுத்துவிட்டு, அரிசி புடைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கட்டினவனுக்கு விஷம் ஊட்டுகிறவள் என்று அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவரை உயிரோடு வைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.