பயின் மரத்தின் வயது

நெய்யாறு அணைக்கு மேலே, காட்டுக்குள், ஒரு வெள்ளைப்பயின் மரத்தைச் சுற்றி எஃகுப் பட்டையை வளைத்து, அதன் சுருள்வில்லை அக்கா மெல்ல மாட்டிய காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மரம் பருக்கப் பருக்க வில் நீளும். அந்த நீட்சியை அளந்தால் வளர்ச்சி தெரியும். எங்கள் காட்டில் பனிக்காலம் என்று ஒன்று இல்லாததால் பெரும்பாலான மரங்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. இப்படி அளந்து அளந்து ஊகிக்க வேண்டியதுதான்.

அக்கா என்று நான் கூப்பிடும் அவள் பாறசாலைக்காரி. என்னைவிடச் சற்றே மூத்தவள்; ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அணையருகே உள்ள கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து படகில் போய் அளப்போம். ஒரு கோடையில் மரத்தின் சுற்றளவு குறைந்திருப்பதைக் கண்டு நான் பதறினேன். "வெயிலுக்கு மரமும் மெலியும் மக்கா. மழை பெய்யட்டு, தேறிரும்" என்று சிரித்தாள். நாங்கள் இருவரும் கைகோத்தாலும் கட்டிக்கொள்ள முடியாத அந்தப் பயினுக்கு முந்நூறு வயதாவது இருக்கும் என்பது அவள் கணிப்பு. துளையிட்டு நடுமரம் எடுத்துக் கார்பன் ஆய்வு செய்ய அனுமதி கிடைத்தபோதும் மறுத்துவிட்டாள். "நமக்கு வயசு அறியணும்னு அதுக்க உடம்புல எதுக்கு ஓட்ட போடணும்?"

பிறகு அவளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அவள் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த மழைக்காலத்தில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். தன் நோய்க்காக ஒருநாளும் என்னெதிரில் அழாதவள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நெடுநேரம் கழித்து, "இனி அதுக்கு வலிக்காதுல்லா. ஒரு துண்டு வெட்டி அனுப்பு. எனக்கு அறியணும்" என்றாள்.

அடிமரத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை துண்டுகள் எடுத்துக் கார்பன் ஆய்வுக்கு அனுப்பினேன். முடிவு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

முடிவு வந்த அன்றே பாறசாலைக்குப் போனேன். அவளுடைய அம்மா பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். "அவ கெடையில கெடந்து அதத்தானே கேட்டுட்டு இருந்தா. அந்த மரத்துக்கு எத்தற வயசாக்கும்?"

எங்கள் கணிப்பு தவறிவிட்டது, வெளிச்சமும் ஈரமும் தாராளமாகக் கிடைத்ததால் அது வேகமாகப் பருத்திருக்கிறது, நூறு வயதுகூட ஆகவில்லை, விழாமலிருந்தால் இன்னும் எவ்வளவோ காலம் நின்றிருக்கும் என்றேன்.

அம்மா கேட்டாள்:

"அப்பம் அதுக்கும் சாவுற வயசு இல்லியா மக்கா?"