பந்தக்கால் துளிர்த்த தோட்டம்

பனியில் நனைந்த "கோபிஸ்" என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் பாத்தியில் வெறுங்காலோடு நடந்தபோது உள்ளங்காலில் சுருக்கென்று குத்தியது. முள்ளென்று குனிந்து பார்த்தால், ஆணி மாதிரி கூரான மூங்கில் குருத்து. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் குடியிருந்த காலம் அது. ஓடிவந்த அம்மா என் காலைப் பார்க்கவில்லை, குருத்தைத்தான் பார்த்தார். "இங்கயும் வந்துருச்சா?" என்று பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தை நானே கழுவிக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

வினையை விலைக்கு வாங்கவில்லை, சும்மாவே கொண்டுவந்தோம். அப்பாவின் தங்கை செல்வி அத்தைக்குக் கல்யாணம். பந்தக்காலுக்காக அப்பா பிரிஞ்சாங் சாலையோர வேலியிலிருந்து ஒரு மூங்கிலை வேரோடு பிடுங்கிவந்து, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, எங்கள் காய்கறித் தோட்டத்து ஓரத்தில் நட்டார். அத்தை கம்போங் ராஜாவுக்கு வாழப்போன சில மாதங்களில் அது துளிர்த்தது. லயமே வந்து பார்த்துப் பூரித்தது. "பந்தக்கால் துளுத்திருக்கு, தங்கச்சி குடும்பம் தழைக்கும் லா. யாரும் கத்தி வைக்கக்கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

தழைத்தது மூங்கில்தான். மண்ணுக்கடியில் ஓடி, பீன்ஸ் பந்தலுக்குள்ளும் கோபிஸ் பாத்திக்குள்ளும் தலை நீட்டியது. கியா பார்ம் சந்தைக் கடைகளுக்குப் போன அந்தக் காய்கறியில்தான் எங்கள் அடுப்பு பாதி நாள் எரிந்தது. அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து பள்ளம் தோண்டுவார், தகரத்தைக் குறுக்கே புதைப்பார், குருத்துகளை ஒடித்து ஒடித்து அவர் கை வீங்கிப்போகும். தாய் மூங்கிலை மட்டும் தொடமாட்டார். நாத்தனார் வாழ்க்கை அதில் இருக்கிறதென்று உண்மையாகவே பயந்தார். இரண்டே வருடத்தில் பாதித் தோட்டம் போயிற்று.

ஒரு மழைநாளில் அத்தை ஒற்றைப் பையோடு வந்து நின்றார். மாமா வேறொருத்தியோடு போய்விட்டாராம். அழுது முடித்ததும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு நேரே மூங்கிலிடம் போனார்.

"ஐயோ, வேணாம் செல்வி!" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு போயி ரெண்டு மாசமாச்சு அண்ணி. மூங்கிலுக்குத்தான் இன்னும் சேதி வரல."

இருவருமாக இருட்டும்வரை வெட்டினார்கள், தோண்டினார்கள். அப்பா தடுக்கவில்லை. ஆனால் காலம் கடந்திருந்தது. அடுத்த மழைக்கு எண்ண முடியாத அளவு குருத்துகள் கிளம்பின. அதற்கடுத்த வருடம் அம்மா விதையே வாங்கவில்லை.

சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். லயம் இல்லை, பந்தல் இல்லை, பாத்தி இருந்த தடமே இல்லை. மூங்கில் மட்டும் காடாக நின்றது. ஈப்போவில் என்னோடு இருக்கும் அத்தை போனில், "அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்றேன்.

"உங்கம்மா இருந்து இதைப் பாத்திருக்கணும்லா" என்று சொல்லி அழுதார். மூங்கிலுக்கு நடுவே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.