பலகைக்கு மேல் ஒரு கல்லும் இல்லை

இனோங்கேவுக்கு உலகத்தில் யாரையுமே பிடிக்காது என்று லுசாகா நகரத்துக் கன்யாமாவின் கல்குழிகளில் ஜல்லி உடைக்கும் பெண்கள் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. மகள் லிசேலியை அவளுக்குப் பிடிக்கும். மற்றபடி அவர்கள் சொல்வது சரிதான்.

மேற்கே மொங்கு ஊரின் ஆற்றுவெளியில் பிறந்தவள் அவள். லாரி மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொண்டு லுசாகாவுக்கு வந்தாள். அவன் வேறொருத்தியோடு வடக்கே செம்புச் சுரங்கப் பக்கம் போய்விட்டான். அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைமேல் பழைய டயரைப் போட்டு எரித்தாள். விரிசல் விட்ட பாறையைச் சம்மட்டியால் பிளந்து, பிளந்ததைச் சுத்தியலால் ஜல்லியாக்கி விற்றாள். தெறித்த சில்லு ஒன்று இடது புருவத்தைக் கிழித்து வைத்த தழும்பு, அவள் சும்மா இருக்கும்போதும் கோபமாக இருப்பதுபோல் காட்டியது. பெரும்பாலும் கோபமாகத்தான் இருந்தாள்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. அதன் பெயர் கபேசா. கட்டட காண்டிராக்டர்களுக்காக லாரியோடு வந்து ஜல்லி வாங்கிப் போகும் ஏஜெண்ட். ஒரு லோடுக்கு இவ்வளவு என்று பேச்சு. லாரி நிரம்பினால்தான் லோடு. ஒரு மழைக்காலத்தில் அவன் லாரியின் பக்கச் சுவர்களுக்கு மேல் ஒரு பலகையைச் சேர்த்து அடித்துக்கொண்டு வந்தான். ரோட்டில் கல் சிதறினால் போலீஸ்காரன் பிடிக்கிறான், அதற்காகத்தான் பலகை என்றான். அடுத்த வருஷம் இன்னொரு பலகை ஏறியது. லோடின் விலை மட்டும் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முவாக்கா வந்தாள். சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தவள், இப்போது தெருவோர வியாபாரிகள், கூலிக்காரர்கள், வீட்டுவேலைக்காரர்கள் எல்லோரையும் சேர்க்கும் தொழிற்சங்கத்தின் ஆள். குழியின் விளிம்பில் நின்று அவள் பேச ஆரம்பித்ததும் இனோங்கே சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"என்ன, தேர்தல் வந்துடுச்சா? கட்சிக்காரங்க குடுக்கிற பனியன் எங்கே? பனியன் இல்லாம இங்க யாரும் வந்ததில்லையே."

"பனியன் இல்லக்கா. சந்தாதான் இருக்கு. அதுவும் நீங்கதான் எங்களுக்குக் கட்டணும்."

"குடுக்க வந்தவனையே நாங்க நம்பல. வாங்க வந்தவளையா நம்பப் போறோம்? வெயில் ஏறுது, போயிடு."

பெண்கள் சிரித்தார்கள். முவாக்கா போகவில்லை, பக்கத்தில் இருந்த மைலேசியின் அருகே போய் உட்கார்ந்துகொண்டாள். மைலேசி எல்லோருக்கும் வேண்டியவள். வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்தால் குழி முழுக்கப் பங்கு போடுவாள், சர்ச்சில் பாடுவாள், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. அதனாலேயே முவாக்காவுக்கும் சரி என்று சொல்லிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள்.

கபேசா மூன்றாவது பலகையோடு வந்த அன்று இனோங்கே யாரையும் கேட்கவில்லை. சம்மட்டியை எடுத்துக்கொண்டு லாரிமேல் ஏறினாள். இரண்டு அடியில் புதுப் பலகை ஆணியோடு பெயர்ந்து கீழே விழுந்தது.

"ஏய், அது உங்கப்பன் வீட்டு வண்டியா?" என்று கத்தினான் கபேசா.

"வண்டி யாரு வீட்டுதோ எனக்குத் தெரியாது. கல்லு நான் உடைச்சது. மொதல்ல இருந்த மட்டத்துக்கு மேல ஒரு கல்லு ஏறாது."

கபேசா பலகையை எடுத்துத் தூசி தட்டினான். பிறகு அவளிடம் பேசாமல் மற்ற பெண்களைப் பார்த்துச் சொன்னான்: "இந்தப் பொம்பள இங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் இந்தக் குழிக்கு ஒரு வண்டி வராது. உங்களுக்குள்ளயே பேசி முடிச்சுக்குங்க."

சொன்னபடியே செய்தான். லாரிகள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த குழிகளுக்குப் போயின. இங்கே ஜல்லி குவியல் குவியலாகக் கிடந்தது. ஒரு வாரம் போனதும் பெண்களின் கோபம் கபேசாவை விட்டு இனோங்கேமேல் திரும்பியது. தண்ணீர்க் குழாயில் அவள் வாளியை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்கள். அவள் பேர் சொல்லாமல், அவள் காதில் விழும்படி பேசினார்கள்.

"ஒருத்தியோட திமிருக்கு ஊரே பட்டினி கிடக்கணும்."

"புருஷன் ஓடினது சும்மாவா?"

லிசேலி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். இனோங்கே மகளுக்குக் களியும் காய்ந்த கபெண்டா மீனும் வைத்துக் கொடுத்துவிட்டு, தான் தண்ணீரைக் குடித்துப் படுத்தாள். தவறு செய்துவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. இவளுகளுக்காகவா சம்மட்டியைத் தூக்கினோம் என்றுதான் எரிந்தது.

ஒரு காலையில் குழிக்குப் பின்னால் இருந்த சந்தில் லாரியின் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். மைலேசி தன் ஜல்லியை ஏற்றிக்கொண்டிருந்தாள். பெயர்ந்த பலகையையும் மறுபடி அடித்திருந்தார்கள்; மூன்று பலகைக்கும் மேலே கூம்பாக நிறைந்திருந்தது. இனோங்கே போய் லாரியின் முன்சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"லிசேலி அம்மா, எழுந்திரு. எனக்கும் வீட்டுல மூணு வயிறு இருக்கு," என்றாள் மைலேசி.

"சங்கத்துல சேர்ந்தவதானே நீ? இதான் உங்க சங்கம் சொல்லிக்குடுத்ததா? பின்பக்கமா வந்து விக்கிறது?"

"நீ சேரவே இல்லையே. நீ யாரு என்னைக் கேக்க?"

"நான் யாருமில்ல. வண்டி என்மேல ஏறித்தான் போகணும். ஏத்தச் சொல்லு."

டிரைவர் எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். அவள் நகரவில்லை. வண்டியோடு வந்திருந்த கபேசா போன் எடுத்தான். போலீஸ் வந்து, அன்று பலகையைப் பெயர்த்து வண்டிக்குச் சேதம் விளைவித்தாள் என்று அவளை ஏற்றிக்கொண்டு போனது. பெண்கள் அவரவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கூட வரவில்லை.

ஸ்டேஷனுக்கு வந்தது முவாக்காதான், கூட ஒரு வக்கீலோடு.

"நான் உங்க ஆளு இல்ல. சந்தா கட்டல," என்றாள் இனோங்கே.

"தெரியும். உங்க மூஞ்சிக்காக யாரும் வரல. இன்னைக்கு உங்களை உள்ள வச்சு அவன் ருசி கண்டுட்டா, நாளைக்கு மைலேசியை வைப்பான். அதுக்காக வந்தேன்."

இனோங்கேவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

வக்கீல் லாரி முதலாளியிடம் பேசினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்ற அந்தப் பலகைகளுக்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். புகார் மாலைக்குள் வாபஸ் ஆனது.

அதன்பிறகு முவாக்கா செய்த வேலையை இனோங்கேவால் செய்திருக்கவே முடியாது. அவள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போனாள். குழி குழியாக உட்கார்ந்தாள், திட்டு வாங்கினாள், மறுபடியும் போனாள். கபேசா உங்களிடம் வருவதே இவர்களைப் பணியவைக்கத்தான், அடுத்த பலகை உங்களுக்குத்தான் என்று சொன்னாள். இனோங்கேவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனாள். இனோங்கே அந்தப் பெண்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டதால் மறுமுறை கூப்பிடவில்லை.

கடைசியில் எல்லாக் குழிகளும் ஒரே நாளில் ஏற்ற மறுத்தன. அஸ்திவாரம் பாதியில் நிற்க, கொத்தனார்கள் சும்மா உட்கார்ந்திருக்க, காண்டிராக்டர்களே காரில் வந்து இறங்கினார்கள். அவர்களோடு கபேசாவும் வந்தான், வாயைத் திறக்காமல். நகராட்சி ஆள் முன்னால் சங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. லாரியின் பழைய மட்டத்தில் சிவப்புச் சாயத்தில் கோடு போடுவது, கோட்டுக்கு மேல் ஏற்றினால் தனி விலை, சங்கத்தைக் கேட்காமல் எந்தக் குழியையும் ஒதுக்கக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் குழிச் சங்கத்துக்குத் தலைவி தேர்ந்தெடுத்தார்கள். இனோங்கேவின் பெயரை முவாக்காதான் சொன்னாள். கையைத் தூக்கியது ஒரே ஆள், இனோங்கே. மற்ற எல்லாக் கைகளும் மைலேசிக்கு உயர்ந்தன.

இனோங்கே எழுந்து போய் அதுவரை கட்டாமல் வைத்திருந்த சந்தாவை மைலேசியின் மடியில் போட்டாள்.

"சந்துல வண்டி ஏத்தினவதான் உங்களுக்குத் தலைவி. நல்லா இருங்க."

"உன்கிட்ட வந்து ஒரு குறை சொல்ல முடியுமா லிசேலி அம்மா? கடிச்சு வச்சிடுவியே," என்றாள் மைலேசி. அதில் கேலி இல்லை.

தண்ணீர்க் குழாயில் இனோங்கேயின் வாளியை இப்போது யாரும் நகர்த்துவதில்லை. அதற்குமேல் யாரும் அவளிடம் நெருங்கவும் இல்லை. ஏஜெண்டுகள் யாராவது வந்து சிரித்துப் பேசி மைலேசியைக் கரைக்கப் பார்க்கும்போது, மைலேசி திரும்பிக் குழியைப் பார்ப்பாள். அங்கே இனோங்கே சுத்தியலோடு எழுந்து நிற்பாள், ஏஜெண்டைத் திட்டுவாள், பிறகு மைலேசியையும் திட்டுவாள். அந்த இரண்டு பெண்களும் வேறு எதற்காகவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை.