பின்னால் கூப்பிடும் ஊர்

இந்த ஊரில் எல்லோரும் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் கூப்பிடுகிறார்கள். காலையில் வீட்டுப் படியைத் தாண்டினால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் பூச்செடிகளுக்கு நடுவிலிருந்து என் பெயரைக் கத்தி, பொழுது நன்றாகப் போகட்டும் என்பார். கோப்பி வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியேறும்போது, குவளை மூடியை நான் விட்டுவிட்டுப் போவதாகக் கடைக்காரப் பெண் கூவுவாள். அடிலெய்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. தாதியியல் படிப்பில் மருந்துப் பெயர்கள் வாய்க்குள் நுழைந்துவிட்டன, குளிர் பழகிவிட்டது, எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஒருவாறு பழகிவிட்டேன். ஆனால் புறப்படும்போது யாராவது பின்னால் கூப்பிட்டால் அந்த நாள் சரிவராது என்றே இன்றும் தோன்றும். அன்றைக்குப் பார்த்து பஸ்ஸும் தவறும். நான் பிந்தி எழும்புவதுதான் அதற்குக் காரணம் என்பான் என் அறைத்தோழன். அவனுக்குக் கடல் தெரியாது.

நான் பருத்தித்துறையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். தொழிலுக்குப் புறப்பட்ட ஆளை எங்கே போகிறாய் என்று எங்கள் பக்கத்தில் கேட்கமாட்டோம். பின்னால் கூப்பிடவே மாட்டோம், கூப்பிட்டால் போகிற காரியம் சரிவராது. ஒருமுறை அப்பா சோற்றுப் பார்சலை மறந்துவிட்டு நடந்துவிட்டார். பத்தடி தூரம்தான், அம்மா ஒரு குரல் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். அம்மாவோ பார்சலைத் தூக்கிக்கொண்டு பின்வேலியால் புகுந்து, அடுத்த ஒழுங்கையால் ஓடி, கோயிலடியில் அப்பாவுக்கு எதிரே போய்த் தற்செயலாக வந்தவர் மாதிரி நின்றார். "என்னப்பா, இதை விட்டிட்டுப் போறியள்" என்று சொல்ல மட்டும்தான் மூச்சு இருந்தது. எதிரே சுமங்கலி வந்தால் நல்ல சகுனம் என்று அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அன்று வலை நிறைய மீன். "கொம்மாவின்ரை ஓட்டத்துக்குப் பட்ட மீனடா இது" என்று என்னிடம் சொன்னார். பதினேழு வயதில் நான் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்தவனுக்குச் சென்ற மாதம் வந்தது வினை. வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சை வார்ட்டில் எனக்கு ஆறு வாரப் பயிற்சி. மேற்பார்த்தவர் ஜோவன் என்ற மூத்த தாதி, எதையும் கண்ணாடிக்கு மேலால்தான் பார்ப்பார். அவர் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த தவணை. வைக்காவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து, விசாவும் இழுபறி. 'நேர்ஸ் படிக்கப் போன பெடியன்' என்று ஊரில் ஏற்கெனவே பகிடி. தோற்றுத் திரும்பினால் அப்பா சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஐந்தாவது வாரம், கென் என்பவருக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை. அனுப்புமுன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் கட்டுப்பல் அகற்றப்பட்டதா என்றும் ஒரு கேள்வி. மயக்கமருந்து கொடுக்கும்போது பல் கழன்று தொண்டைக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. கென் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மனைவி வருகிறாள். பல்லில்லாமல் அவள் என்னைப் பார்த்ததே இல்லை. கடைசி நிமிடம்வரை விடு" என்றார். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. எப்படியும் கழற்றத்தானே போகிறோம் என்று அந்தப் பெட்டியில் முன்கூட்டியே சரி போட்டுவிட்டேன். போடக்கூடாது என்று அப்போதே எனக்குத் தெரியும். அதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் வாந்தியெடுக்க, அங்கே ஓடினேன். திரும்பி வந்தால் கென்னைக் காணவில்லை. படிவத்தை நம்பி இன்னொரு தாதி அவரை அனுப்பிவிட்டார். பல் வைக்கும் குவளை மேசையில் வெறுமையாக இருந்தது.

குவளையோடு வெளியே பாய்ந்தேன். இருபது அடி தூரத்தில் கட்டில் உருண்டுகொண்டிருந்தது, பக்கத்தில் மனைவி. நில்லுங்கள் என்று ஒரு சொல் போதும். ஆனால் வயிறு கிழிபடப் போகும் மனிதரை எப்படிப் பின்னால் கூப்பிடுவது? திரும்பி, படியால் மேல்மாடிக்கு ஏறி, சாப்பாட்டு வண்டி ஒன்றைச் சுற்றி, மறுபக்கப் படியால் இறங்கி, சத்திரசிகிச்சைக் கூடத்து வாசலில் கட்டிலுக்கு எதிரே போய் நின்றேன். கென்னுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னை வழியனுப்பவா இவ்வளவு தூரம் ஓடிவந்தாய்?"

"இல்லை, கென். பல்லு" என்று குவளையை நீட்டினேன். அவர் மனைவியைப் பார்த்துத் தயங்கினார்.

"கழற்று, கென்" என்றார் அந்த அம்மா. "குளியலறையில் நீ ஒளித்துவைக்கிற குவளையை இத்தனை வருடமும் யார் கழுவுகிறார்கள் என்று நினைத்தாய்?"

எல்லாவற்றையும் நானே போய் ஜோவனிடம் சொன்னேன், முன்கூட்டிச் சரி போட்டதையும் சேர்த்து. "பார்க்காமல் சரி போடுவதை இனி வாழ்நாளில் செய்யாதே" என்றார். "அது இருக்கட்டும், ஏன் கத்தவில்லை?" சகுனத்தை விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "உனக்கு முன்னால் கட்டில் உள்ளே போயிருந்தால்?" என்று கேட்டார். மதிப்பீட்டுத் தாளில் 'இன்னும் தேறவில்லை' என்று எழுதினார். "ஒரு வாரம் இருக்கிறது. நீ கத்துவதை நான் கேட்க வேண்டும்."

அந்த வாரம் டொரத்தி என்ற முதியவருக்கு இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை. இம்முறை ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே சரி போட்டேன். கட்டில் நகர்ந்த பிறகு பார்த்தால் அவருடைய கோப்பு மேசையில் கிடக்கிறது. கட்டிலோடு போவது வேறு யாருடைய கோப்போ. கட்டில் கதவை நெருங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்டொப்!" என்று கத்தினேன். காற்றுக்கு எதிரே வள்ளத்தைக் கூப்பிடும் குரல் அது. கட்டில் நின்றது, சாப்பாட்டு வண்டி நின்றது, ஒரு வைத்தியர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஜோவன் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தார்.

தேறிவிட்டேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும், ஆனால் மனம் ஒரு நிலையில் இல்லை. பெரிய சத்திரசிகிச்சைக்குப் போகிற மனுசியைப் பின்னால் கூப்பிட்டுவிட்டேனே. இடைவேளையில் அம்மாவுக்கு அழைத்து இரண்டையும் சொன்னேன். தேறியதை அம்மா காதில் வாங்கவே இல்லை.

"கூப்பிட்டாப் பிறகு அந்த மனுசியை இருத்தி, ஒரு மிடறு தண்ணி குடுத்தனியே? குடிச்சிட்டுப் போனால் ஒண்டும் செய்யாது."

"ஒப்பரேசனுக்குப் போறவைக்குப் பச்சைத் தண்ணியும் குடுக்கேலாது, அம்மா."

"அப்ப அவவுக்காக நீ குடி. நிண்டுகொண்டு குடியாதை தம்பி, இருந்து குடி."

"ஓம் அம்மா" என்றேன்.

கடதாசிக் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, டொரத்தி உள்ளே போன கதவுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நோயாளிக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. டொரத்தியின் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துவிட்டு, ஒரு மிடறு குடித்தேன்.