கையெழுத்து நல்லா இருக்கு, நீ எழுது

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த ஒரு பாவத்துக்காகக் கல்லூரியில் என்னை யாரும் பேசவே விடவில்லை.

சிதம்பரத்தில் பி.ஏ. படித்தேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு குழு விவாதம். மேடம் ஒரு தலைப்பு கொடுப்பார். பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு ஐந்தைந்து பேராக உட்காருவோம். முடிவில் குழுத் தலைவர் எழுந்து, குழுவில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று தொகுத்துச் சொல்ல வேண்டும். இதில் யாரும் போடாத சட்டம் ஒன்று இருந்தது. பையன் பேசுவான், பெண் எழுதுவாள். அதிலும் எழுத்து முத்து முத்தாக இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. "உன் கையெழுத்துதான் நல்லா இருக்கு, நீ எழுது" என்று பேப்பரை நம் பக்கம் தள்ளிவிடுவார்கள். கேட்க என்னவோ பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் நாலு பேர் பேசுவதையும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பவள் எப்போது வாயைத் திறப்பது? மேடமோ பேசுகிறவர்களுக்குத்தான் மார்க் போடுவார்.

எங்கள் குழுத் தலைவன் சிதம்பரம் டவுன்காரன். அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கிலீஷ் சரளமாக வந்ததால் அவனாகவே தலைவன் ஆகிவிட்டான். எதை ஆரம்பித்தாலும் "பேசிக்கலி" என்றுதான் ஆரம்பிப்பான். எங்களோடு விவாதம் என்று பேர், முகமோ மேடம் நிற்கிற திசையில் இருக்கும். மேடம் அடுத்த குழுவுக்கு நகர்ந்தால் இவன் சுருதி இறங்கிவிடும். அவனுக்கு ஒத்து ஊத ஒரு கூட்டாளி. "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்று ஆரம்பித்து, அவன் சொன்னதையே இன்னொரு தரம் சொல்லி மார்க்கைத் தட்டிக்கொண்டு போவான். மூன்றாமவள் பெஞ்சுக்கு அடியில் ரீல்ஸ் பார்ப்பாள். பெல் அடிக்கும்போதுதான் தலை நிமிரும்.

மிச்சம் இருந்தவள் என் தோழி, கடலூர் துறைமுகத்துப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பது எங்கள் குழுவில் அவள் ஒருத்திதான். யாராவது வார்த்தை கிடைக்காமல் தடுமாறினால் அவசரப்படாமல் காத்திருப்பாள். மறுத்துப் பேசுவதற்கு முன்னால், நீ சொல்ல வந்தது இதுதானே என்று கேட்டுக்கொள்வாள். விவாதம் என்றால் அது. அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

செமஸ்டர் முடியப் போகும் சமயத்தில் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் எதிலும் பேசியதாகக் குறிப்பே இல்லையாம். வருகிற கடைசி விவாதத்திலும் பேசாவிட்டால் இன்டர்னல் மார்க் போய்விடும், அந்தப் பேப்பரே நின்றுவிடும் என்றார். மற்றவர்கள் பேசுவதையெல்லாம் நான்தானே மேடம் எழுதுகிறேன் என்றேன். எழுதுவதற்குத் தனி மார்க் இல்லையம்மா என்றார். ஒரு பேப்பர் நின்றாலும் படிப்பு அதோடு சரி, எம்.ஏ. என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று அப்பா முன்னாலேயே சொல்லியிருந்தார். மாமா வீட்டில் மாப்பிள்ளை வேறு தயாராக இருந்தார். ஒரு பேப்பர் எப்போது நிற்கும் என்று இரண்டு வீடும் காத்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கே தலைவனிடம் போய் விஷயத்தைச் சொல்லி, இந்த முறை நான் எழுத மாட்டேன், வேறு யாரையாவது எழுதச் சொல் என்றேன். போனைப் பார்த்தபடியே, கண்டிப்பா, கண்டிப்பா என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஊர்களை ஒட்டித் தொழிற்பேட்டை தேவையா, இல்லையா என்று மேடம் தலைப்பை போர்டில் எழுதினார். என் ஊர் குடிகாடு, கடலூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். அந்தப் பேட்டையைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறுகிறேன். இதைப் பற்றி நான் பேசாமல் வேறு யார் பேசுவது?

தலைவன் பேப்பரை என் பக்கம் தள்ளினான். பழக்கதோஷம். நான் அதைப் பெஞ்சு நடுவில் திருப்பி வைத்து, நான் எழுதலை, சொன்னேன் இல்லையா என்றேன். அதற்குள் மேடம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார், இவனுக்குப் "பேசிக்கலி" வந்துவிட்டது. பேப்பர் அங்கேயே கிடந்தது. நான் எழுதுகிறேனா இல்லையா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

போனில் படித்ததையெல்லாம் கொட்டினான். கூட்டாளி அதையே திருப்பிக் கொட்டினான். நான் வாயெடுத்தபோதெல்லாம், ஒன் செகண்ட், ஒன் செகண்ட் என்று தலைவன் கையைக் காட்டினான். அந்தக் கையைப் பிடித்து முறுக்கலாம் போல இருந்தது. ஒருவழியாக, எங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் ஜன்னலைத் திறப்போம் என்று ஆரம்பித்தேன். உடனே வெட்டினான்.

"பர்சனலா எடுத்துக்காத. ஜெனரலா பேசு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மூச்சு விடுகிற காற்று இவனுக்குப் பர்சனலாம். இவன் போனில் பார்த்தது ஜெனரலாம். தோழிக்கே பொறுக்கவில்லை. "அவ ஊரப் பத்திதான்டா பேசறோம், அவ சொல்லட்டும்" என்றாள். சொல்லட்டும், நான் முடித்துவிடுகிறேன் என்று அவன் மறுபடியும் ஆரம்பித்தான். நேரம் முடிந்தது என்று மேடம் மேஜையைத் தட்டினார். நான் பேசியது ஒரே வாக்கியம், அதுவும் பாதி. பேப்பர் போச்சு, படிப்பு போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

தொகுத்துச் சொல்லத் தலைவன் எழுந்தான். எப்போதும் போலக் கையை நீட்டிப் பேப்பரை எடுத்தான். வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பார்த்தான், அந்தப் பக்கமும் வெள்ளை. பேசிக்கலி, நாங்கள் எல்லாரும் என்று இழுத்தான். என் தோழியைக் காட்டி, இவள் என்ன சொன்னாள் என்று மேடம் கேட்டார். முழித்தான். ஒருத்தர் பேச்சையாவது காதில் வாங்கியிருந்தால்தானே சொல்வதற்கு?

நான் எழுந்தேன். எனக்கு எந்தப் பேப்பரும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் கேட்டு எழுதிய காது இருந்தது. பேட்டை வந்தால் வேலை வரும் என்று தலைவன் மூன்று முறை சொன்னான், கூட்டாளி அதையே இரண்டு முறை சொன்னான் என்று சொல்லிவிட்டு, அந்த வேலை யாருக்கு, ஊர்க்காரர்களுக்கா வெளியூர்க்காரர்களுக்கா என்று தோழி கேட்டதையும், அதற்கு யாரும் பதில் சொல்லாததையும் சொன்னேன். அப்புறம் என்னுடையதைச் சொன்னேன். சோறும் அந்தப் பேட்டையிலிருந்துதான் வருகிறது, நாற்றமும் அங்கிருந்துதான் வருகிறது. என் அப்பா அங்கேதான் வேலைக்குப் போகிறார், எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவதும் அவர்தான். ஆகவே வேண்டும், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் எங்களிடம் பதில் கேட்காதீர்கள் என்றேன்.

இத்தனை நாளாக இந்த வாயை எங்கே வைத்திருந்தாய் என்று மேடம் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்டர்னல் தேறியது. பேப்பர் நிற்கவில்லை.

வகுப்பு விட்டதும் வராந்தாவில் தலைவன் என்னை மறித்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டேனாம்.

"எழுதலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ பேசிக்கிட்டு இருந்த."