துவக்கு முனையில் ஒரு தேசிக்காய்

1. முதல் நாள்

விக்டோரியா மாநிலத்து டண்டினொங்கில், துப்பாக்கியும் வேட்டைச் சாமானும் விற்கும் ஒரு கடையில் எனக்கு வேலை கிடைத்தது. அன்று என் மனைவி கேட்டாள்:

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்? இஞ்ச வந்து அதையே விக்கப் போறியளோ?"

"இப்போதைக்குச் சப்பாத்துப் பகுதிதான்," என்றேன்.

அது உண்மைதான். முதலாளி கெவின் என்னைச் சப்பாத்து அடுக்கில் நிறுத்தி, விற்கிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்றார். மாலைக்குள் இரண்டு குதிகாலும் பொங்கிவிட்டன. கெவின் அதைப் பார்த்து மிகவும் சந்தோசப்பட்டார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மலை உன்ர முகத்தைப் பாக்காது, காலைத்தான் பாக்கும். இனி நீ விக்கலாம்."

கெவினிடம் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு பேச்சு இருந்தது. நான் படித்தது எல்லாம் அந்தக் கடையில்தான். பிறகு லைசென்ஸ் எடுத்து ரைபிள் கவுண்டருக்கு மாறினேன். அதன்பிறகு, வாடிக்கையாளர்களை விக்டோரியாவின் மலைக்காட்டுக்குச் சாம்பர் மான் வேட்டைக்குக் கூட்டிப்போகும் பயணங்களில் கெவினுக்குத் துணையானேன். எங்கள் ஊரில் அந்த மானை மரை என்போம்.

2. செந்தில் கட்டிய மூட்டை

செந்தில் எங்கள் வாடிக்கையாளர், பொயிண்ட் குக் என்ற புறநகரில் இருப்பவர். மதுரைக்காரர், கொம்பியூட்டர் வேலை. கடைக்கு வரும்போதே எல்லாம் தெரிந்துகொண்டு வந்தார். வீடியோக்கள் பார்த்திருந்தார். பாரம் குறைக்க வேண்டுமென்று பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அறுத்திருந்தார்.

அவர் வாங்கியது மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழல் போட்ட த்ரீ-நாட்-எய்ட் ரைபிள். மலைக்கு நல்ல தெரிவுதான். ஆனால் பாரம் குறைந்த ரைபிள் தோளில் நன்றாக உதைக்கும். அதனால் மலைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவில் சுடும் பயிற்சி ரேஞ்சில் சுட்டுப் பழகச் சொன்னோம். குறிபார்க்கும் ஸ்கோப்பை எப்போதும் குறைந்த பெரிதாக்கலில் வைக்கச் சொன்னோம். காட்டுக்குள் மரை திடீரென்று பக்கத்தில் எழும்பினால், பெரிதாக்கிய ஸ்கோப்பில் மயிர் மட்டும்தான் தெரியும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது என்றோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியாகக் கெவின் ஒரு கறுப்பு டேப் சுருளைக் கொடுத்தார். குழல் முனையில் ஒரு துண்டு ஒட்டினால் மழையும் சேறும் உள்ளே போகாது. சுடும்போது டேப் தானாகப் பறந்துவிடும். ஆனால் ஒட்டுவதற்கு முன், குழலின் பின்பக்கத்தை அடைத்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள்ளால் ஆகாயத்தைப் பார்க்க வேண்டும். "வானம் தெரியுதா? தெரியாட்டி சுடாதை." கெவின் எத்தனை பேருக்குச் சொன்னாலும் இதை மட்டும் சிரிக்காமல் சொல்வார்.

செந்திலின் மனைவிக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குத் துணையாகச் செந்திலின் மாமியார் மதுரையிலிருந்து வந்திருந்தார். "குழந்தை வந்துட்டா அப்புறம் மலையாவது மண்ணாவது! இந்த ஒரு தடவைதாண்ணே," என்று செந்தில் என்னிடம் சொன்னார்.

மலையடிவாரக் கேம்ப்பில் அவருடைய பையைத் திறந்தேன். பிரஷ்ஷில் மிச்சம்பிடித்த பாரத்துக்குப் பதிலாக இட்லிப் பொடி, நல்லெண்ணெய்ப் போத்தல், ஒரு டின் முறுக்கு.

"தம்பி, இதெல்லாம் ஆருக்கு?"

"அத்தை குடுத்துட்டாங்கண்ணே. வேணாம்னு சொல்ல முடியுமா?"

அதற்குள் குழல் துடைக்கும் மடக்குக் கம்பி வேறு. "இதுவும் அத்தை தந்ததோ?" என்று கேட்டுச் சிரித்தேன். செந்தில் முறுக்கைக் கேம்ப்பில் விட்டார். கம்பியை விடவில்லை.

3. வானம்

கெவின் முழங்கால் நோவென்று கேம்ப்பில் இருந்துவிட்டார். நானும் செந்திலும் விடியும்போது ஏறினோம். புறப்படும் முன் கேட்டேன்: "வானம் பாத்தீங்களோ?"

"வீட்லயே பாத்து டேப்பும் ஒட்டிட்டேண்ணே."

டேப்பைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தார். நான் அதை மெச்சினேன்.

மேலே ஒரு மேட்டில், காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து எதிர்ச் சரிவைப் பைனாகுலரால் துழாவினோம். ஒன்றும் அசையவில்லை. செந்தில் மெல்லப் போனை நீட்டினார்.

"ஆயுத பூஜை போட்டோண்ணே. போன வாரம் வீட்ல எடுத்தது."

லப்டொப்புக்குப் பொட்டு. கார் சாவிக்குப் பொட்டு. மிக்ஸிக்கும் பொட்டு. துவக்கு வைக்கும் பூட்டுப் பெட்டியின் கதவு திறந்திருக்க, உள்ளே போல்ட் கழற்றிய ரைபிள் சந்தனம் குங்குமத்தோடு நிமிர்ந்து நிற்கிறது. அதன் முனையில் ஒரு தேசிக்காய் குத்தியிருக்கிறது.

"அத்தை ஐடியா. கோயில்ல சூலத்துல எலுமிச்சம்பழம் குத்துவாங்கல்ல, அந்த மாதிரி."

சிரிப்பை அடக்க நான் தொப்பியைக் கடித்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்ச் சரிவில் பன்னப் புதர் விலகியது. கிடா மரை. கொம்பு ஒவ்வொன்றும் என் கை நீளம் இருக்கும். பக்கவாட்டில் திரும்பி, படம் எடுக்க நிற்பதுபோல நின்றது. செந்தில் பையின்மேல் ரைபிளை வைத்துப் படுத்து, தோட்டாவை ஏற்றினார். பதட்டமே இல்லை. நான் குழல் முனைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கண்ணுக்கு முன்னால் அந்த வட்டமான டேப். உள்ளுக்குள் எங்கேயோ அந்தத் தேசிக்காய் நெருடியது.

"தம்பி, பொறுங்க. அந்தத் தேசிக்காய எப்ப எடுத்தனீங்கள்?"

"எதண்ணே?"

"எலுமிச்சம்பழம்!"

"பூஜை முடிஞ்சதும் புடுங்குனேன். இப்ப எதுக்குண்ணே அது?"

"டேப்?"

"அதுக்கப்புறம் ஒட்டுனேன்."

"வானம் பாத்தது?"

"அது பூஜைக்கு முன்னாடி..."

"விரலை எடுங்க. போல்ட்டைத் திறவுங்க."

"நிக்குதுண்ணே!"

"நிக்கட்டும். திறவுங்க!"

திறந்தார். அந்த இரும்புச் சத்தம் போதுமாயிருந்தது. மரை ஒருமுறை கார் ஹோர்ன்போலக் கத்திவிட்டுப் பன்னத்துக்குள் போய்விட்டது.

செந்தில் எழுந்து உட்கார்ந்தார். "ஒரு எலுமிச்சம்பழத்துக்காகவாண்ணே? நீங்க நல்லா இருப்பீங்களா?"

அவரே கோபத்தோடு தோட்டாவை எடுத்து, போல்ட்டைக் கழற்றி, டேப்பை உரித்து, எனக்குக் காட்டுவதற்காகக் குழலை ஆகாயத்துக்குப் பிடித்துக் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

"இருட்டா இருக்குண்ணே."

நான் சிரித்த அந்த மடக்குக் கம்பியைத்தான் பின்பக்கத்தால் விட்டுத் தள்ளினோம். முனையால் ஒரு தக்கை வந்து விழுந்தது. பழத்தைக் குத்தியபோது குழல் தன் வாய் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த தோல், சதை, குங்குமம், ஒரு விதை.

செந்தில் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுட்டிருந்தா?"

"குழல் நுனி வெடிச்சுப் பிளந்திருக்கும். இரும்பு எந்தப் பக்கம் பறக்குமெண்டு ஆருக்குத் தெரியும்? நுனிக்குக் கிட்ட இருந்தது நான்."

"மன்னிச்சிருங்கண்ணே."

"முறுக்கைக் கொண்டு வந்திருக்கலாம்," என்றேன்.

4. தீர்ப்பு

கேம்ப்பில் கெவின் அந்தத் தக்கையை விரலில் உருட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. கீழே ஊருக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் செந்தில் வீட்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டு நடந்ததை முழுதாகச் சொன்னார். மறுமுனையில் மாமியார்.

"பாத்தீங்களா மாப்ள! நான் சொன்னப்ப சிரிச்சீங்கல்ல? அந்த எலுமிச்சம்பழம் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்!"

செந்தில் என்னைப் பார்த்தார். நான் வீதியைப் பார்த்தேன். கெவினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோதுதான் அவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "எங்கட இன்சூரன்ஸ் கொம்பனியில இவவுக்கு உடனே வேலை குடுப்பாங்கள்."

புதிதாக மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நல்ல சப்பாத்து, நல்ல ரைபிள், நல்ல ஸ்கோப் எல்லாம் கடையில் கிடைக்கும். சரிபார்ப்பது மட்டும் கிடைக்காது. அதுவும் நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்பது கணக்கில்லை. கடைசியாக ஒரு கை அதைத் தொட்ட பிறகு பார்த்தீர்களா என்பதுதான் கணக்கு. அந்தக் கை பக்தியோடு தொட்ட கையாக இருந்தாலும் சரி.

இப்போது நவராத்திரி சமயத்தில் நம்மவர் யாராவது கடைக்குள் வந்தால், கெவின் மறுகோடியிலிருந்தே இரண்டு விரலால் ஒரு சின்ன வட்டம் காட்டிக் கேட்பார்: "லெமன்?"

அடுத்த ஆயுத பூஜைக்குச் செந்தில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். தேசிக்காய் நூலில் கட்டி, பூட்டுப் பெட்டியின் கைப்பிடியில் தொங்குகிறது. பக்கத்தில் மாமியார், இடுப்பில் பேத்தி, அந்தப் பிள்ளைக்கும் ஒரு பொட்டு. மரை செந்திலுக்கு இன்னும் கிடைக்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருந்தார்:

"வானம் தெரியுதுண்ணே."